உலகக் கடிகாரத்தடியில்

முதுகுப்பையோடு பெர்லினில் இறங்குகிறவர், வேறு ரயிலில் வரும் நண்பரிடம் ‘உலகக் கடிகாரத்தடியில் நில்லு’ என்று சொன்னால் போதும். அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் 10 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, தவறவிட முடியாது. எரிக் ஜான் வடிவமைத்தது, 1969இல் கிழக்கு ஜெர்மனி திறந்துவைத்தது. 24 முகங்கள் கொண்ட உருளையில் ஊர்ப்பெயர்கள். மணி எண்களைச் சுமந்தபடி ஒரு வளையம் மெல்ல நகர்கிறது. உச்சியில் சூரியக் குடும்பம் வேறு! இந்தக் கடிகாரத்தைச் சுழற்றுவதில் டிராபன்ட் காரின் கியர்பாக்ஸுக்கும் பங்கு உண்டு என்பதில்தான் எனக்குத் தனி மோகம். அந்த ஊர்களில் பலவற்றுக்குப் போக அன்றைய கிழக்கு பெர்லின்காரருக்கு வழியில்லை. மணி மட்டும் பார்த்துக்கொள்ளலாம். இன்று பையை இறக்கிவைத்து, தாமதிக்கும் நண்பரை மனசுக்குள் திட்டியபடி, டோக்கியோவில் விடிந்துவிட்டதா என்று அண்ணாந்து பார்க்கிறோம்.