வளையத்துக்கு அடியில் நிறுத்திவைக்கப்பட்டவர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிஃப்ட் முடிந்து வரும் பையன்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஸ்டீபன் கரி பாதி மைதானத்திலிருந்து பந்து போடுவதைப் பார்க்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருவன், சாவுச் செய்தி சொல்பவனைப் போலக் குரலைத் தாழ்த்தி, "இனிமே நெட்டையனுக்கு வேலையே இல்ல சார், எல்லாம் ஷூட்டிங்தான்" என்றான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. விளையாட்டுப் பத்தியாளர்களும் வர்ணனையாளர்களும் பத்து வருஷமாக ஓதிவரும் மந்திரம்தான் இது. கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று பழமொழி வைத்திருக்கும் நாட்டில் குள்ளனுக்கு ஒரு பொற்காலம் வந்தால் எனக்குச் சந்தோஷமே. (அந்தக் கரியே ஆறடி இரண்டங்குலம். நம்மூர் மினி பஸ்ஸில் தலையைக் குனிந்துதான் நிற்க வேண்டியிருக்கும்.) ஆனால் சொன்ன செய்தி தப்பு. 2019 முதல் 2024 வரை ஆறு வருஷமும் என்.பி.ஏ.வின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்றே பேருக்குத்தான் போனது: யானிஸ் அன்டெடோகூன்போ, நிகோலா யோகிச், ஜோயல் எம்பீட். மூவரும் ஏழடிக்காரர்கள், அல்லது அதற்கு ஓரங்குலம் குறைந்தவர்கள். பிணம் எழுந்து வந்து ஆறு வருஷம் பரிசு வாங்கிப் போயிருக்கிறது.

ஆரம்ப காலத்தை இந்த இதழின் வாசகர்கள் அறிவார்கள், ஓடியே கடந்துவிடலாம். 1891இல் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் நைஸ்மித் பீச் பழக்கூடையை மாட்டினார். அதே பள்ளியின் வழிவந்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் பக்கத்துப் பி.டி. சார்களின் குலமுதல்வர் அவர். நெட்டையர்களைப் பொறுத்தவரை இந்த ஆட்டத்தின் சட்டப்புத்தகமே அவர்களுக்கு எதிராகப் போடப்பட்ட தடுப்புகளின் வரலாறுதான். ஜார்ஜ் மைக்கனுக்காக 1951இல் வளையத்தின் முன்னுள்ள பாதையை ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக அகட்டினார்கள். வில்ட் சேம்பர்லின் வந்த பிறகு 1964இல் அது பதினாறடி ஆனது. அல்சிண்டர் என்ற இளைஞன் (பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார்) கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த 1967இல் கல்லூரி ஆட்டங்களில் டங்க் அடிப்பதே தடைசெய்யப்பட்டது. தடை நீங்க ஒன்பது வருஷம் ஆயிற்று. இத்தனைக்குப் பிறகும் ரஸ்ஸல், கரீம், ஒலாஜுவான், ஷக்கீல் ஓநீல் என்று அரியணை கைமாறிக்கொண்டே இருந்ததே தவிர, காலியாகவில்லை.

நெட்டையனுக்கு வழங்கும் "சென்டர்" என்ற பெயரின் கதை ஒன்று உண்டு. ஆரம்பத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் ஆட்டம் நடுவட்டத்தில் ஜம்ப் பாலோடு மறுபடி தொடங்கும். நடுவில் நின்று எகிறுபவனே சென்டர். 1937இல் அமெரிக்காவில் அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். நடுவில் நின்றவனுக்கு நடுவில் வேலை போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வளையத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. நம் ஊர்க் கோர்ட்டுகளில் அவனுக்குப் பெயர் "பிவட்". ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழல்பவன் என்று பொருள். நடைமுறையில் இரண்டு காலையும் ஊன்றிவிடுவார்கள்.

நான் மெதுவாக நடக்க விரும்பும் காலம் 2001க்கும் 2015க்கும் இடைப்பட்டது. ஷூட்டிங் தலையெடுத்த இந்தக் காலத்தைப் பலர் கணிதத்தின் வெற்றி என்கிறார்கள். எனக்கு இது சட்டத்தின் வெற்றி. அதுவரை என்.பி.ஏ.வில் தடுப்பவன் ஆளைத்தான் பிடிக்க வேண்டும், இடத்தைக் காக்கக் கூடாது. ஆகவே ஓநீல் வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கினால், அவரோடு ஒருத்தன் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். 2001இல் இடத்தைக் காக்கும் தடுப்பாட்டத்துக்கு அனுமதி வந்தது. பந்து கைக்கு வருமுன்பே இரண்டாவது ஆள் வந்து நின்றுவிட்டான். 2004இல் வெளியே பந்து தட்டிவருபவனைக் கையால் மறிப்பது கறாராகத் தடைசெய்யப்பட்டது. சின்ன ஆட்களுக்கு நெடுஞ்சாலை திறந்தது, பெரிய ஆளுக்குச் சந்தும் அடைபட்டது. அதன் பிறகுதான் கணக்குப்பிள்ளைகள் வந்தார்கள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து நூறு பந்து போட்டு 36 விழுந்தால் 108 புள்ளி. உள்ளே முட்டிமோதி அதை எட்ட 54 விழ வேண்டும். கணக்கு சரிதான். 1979இல் மூன்று புள்ளிக் கோடு வந்த பருவத்தில் ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று முறைகூட அங்கிருந்து போடவில்லை, இன்று 35ஐத் தாண்டிப் போடுகிறது.

2015 இறுதிச்சுற்றில் இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கிய கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், ஏழடி ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு ஆறடி ஆறங்குல ட்ரேமண்ட் கிரீனை நடுவில் நிறுத்தி, தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்று கோப்பையைத் தூக்கியது. அன்று எழுதத் தொடங்கிய இரங்கல் கட்டுரைகளைத்தான் டீக்கடைப் பையன் இப்போது படித்து முடித்திருக்கிறான். அந்த நம்பிக்கையின் அசட்டு உச்சம் ஹூஸ்டன் அணி. 2020 பிப்ரவரியில் தன் முதன்மை நெட்டையனான கிளின்ட் கபேலாவை விற்றுவிட்டு, ஆறடி ஐந்தங்குல பி.ஜே. டக்கரை சென்டர் என்றது. சில மாதங்களில் நெட்டையன் ஆண்டனி டேவிஸ் இருந்த லேக்கர்ஸ் அவர்களை நான்குக்கு ஒன்று என்று அனுப்பிவைத்துக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது. இதற்கு யாரும் இரங்கல் எழுதவில்லை.

கிரீனிடமிருந்து பத்தியாளர்கள் படித்த பாடம் "உயரம் வேண்டாம்". படித்திருக்க வேண்டியது வேறு. அவர் நடுவில் நின்று பந்தைப் பங்கிட்டார். எங்கே எவன் வெட்டி ஓடுகிறான் என்று பார்த்துக் கொடுத்தார். இதே வேலையை ஒரு ஏழடிக்காரன் செய்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை அப்போதே டென்வர் அணியின் கையில் இருந்தது. யோகிச் 2014 என்.பி.ஏ. ஆள்தேர்வில் 41வது ஆளாக எடுக்கப்பட்டவர். அந்த அறிவிப்பு வந்தபோது தொலைக்காட்சியில் தின்பண்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. எகிறத் தெரியாது, ஓட்டம் சுமார், கடைசிவரை கண்மட்டும் ஓயாது. 2024–25 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி பத்துக்கு மேல் அசிஸ்ட் கொடுத்தார். சென்டராக ஆடிய யாரும் முன்பு செய்யாத காரியம். இவருக்கு மூதாதை யாரென்று கேட்டால் நான் ஓநீலைக் காட்டமாட்டேன், லிதுவேனியாவின் அர்விதாஸ் சபோனிசைக் காட்டுவேன். 2.21 மீட்டர் உயரம். 1988 ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவைத் தோற்கடித்த சோவியத் அணியின் தூண். போர்ட்லாண்டு 1986இலேயே தேர்ந்தெடுத்தும் 1995இல்தான் அமெரிக்கா போனார், முப்பது வயதில், கெட்டுப்போன கால்களோடு. முதுகுக்குப் பின்னால் பந்து கொடுக்கும் நெட்டையனை அமெரிக்கர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கிழக்கு ஐரோப்பாவில் அது வேடிக்கை அல்ல, வளர்ப்பு. அங்கே உயரமான பையனும் பந்தைத் தட்டிக்கொண்டுதான் வளர்ந்தான்.

இனி நம் கதை. 1980 மாஸ்கோவுக்கு நம் ஆண்கள் அணி போனது பலர் புறக்கணித்ததால் கிடைத்த இடத்தில். ஏழு ஆட்டமும் தோல்வி. அதற்குப் பிறகு ஒலிம்பிக் இல்லை. நம்பிக்கை பஞ்சாபின் உயரத்தின் மேல் விழுந்தது. லூதியானா பயிற்சியகத்தை வளர்த்தெடுத்தவர் சங்கரன் சுப்பிரமணியன். பெயரிலேயே தெற்கு இருக்கிறது, ஆனாலும் தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் அவரைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை. கோதுமை வயலிலிருந்து வந்த ஏழடிப் பிள்ளைகளைக் கோர்ட்டில் நடக்கப் பழக்கிய அவர் 2013இல் காலமானார். மறு வருஷம், 2014 ஜூலையில், வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை 65–58 என்று வீழ்த்தியது. அம்ரித்பால் சிங்கும் அம்ஜ்யோத் சிங்கும் முன்வரிசையில் நின்ற அணி அது. அம்ரித்பால் வயல்வேலையிலிருந்து பதின்ம வயதின் கடைசியில் பந்துக்கு வந்தவர். அம்ஜ்யோத் ஆறடி எட்டங்குலம் இருந்தும் வெளியே வந்து தூரத்திலிருந்து போடத் தெரிந்தவர். எனக்குப் பிடித்தவர் அம்ஜ்யோத். எல்லோரும் கொண்டாடியது சத்னாம் சிங்கை.

சத்னாம் ஏழடி இரண்டங்குலம். பல்லோ கே கிராமத்திலிருந்து லூதியானாவுக்கும், 2010இல் பதினான்கு வயதில் ஃப்ளோரிடாவுக்கும் போனார். 2015 ஜூன் 25 அன்று டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் ஆள். தேதியைக் கவனியுங்கள்: போகட்டை உட்கார வைத்த வாரியர்ஸ் கோப்பை வென்று ஒன்பதே நாள் ஆகியிருந்தது. முதுகைக் காட்டி நின்று பந்து வாங்கப் பழக்கப்பட்ட பிள்ளை, அந்த வேலையை ஒழித்துக்கொண்டிருந்த ஆலையின் வாசலில் போய் நின்றது. என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பிறகு ஊக்கமருந்து வழக்கில் இரண்டு வருஷத் தடை, இப்போது தொழில்முறை மல்யுத்தம். ஒரு ரிங்கிலிருந்து இன்னொரு ரிங்குக்கு. யோகிச்சுக்கும் சத்னாமுக்கும் நடுவே தேர்வுப் பட்டியலில் பதினோரு இடம்தான். சத்னாம் அந்த ஆலைக்கு எவ்வளவு உயரத்தைக் கொண்டுபோனார் என்பதைப் பலர் எழுதினார்கள். பந்தோடு என்ன செய்யக் கற்றுக்கொடுத்து அனுப்பினோம் என்று கேட்டவர்கள் குறைவு.

பெண்கள் பக்கம் இதைவிடத் துலக்கமான சாட்சி உண்டு. கீது அன்னா ஜோஸ் கேரளத்துக்காரர், தெற்கு ரயில்வேக்கு ஆடியவர், ஆறடி இரண்டங்குலம். இந்தியாவுக்கு அவர்தான் நடுத்தூண். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீகின் மூன்று அணிகள் அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்துப் பார்த்தன. வாய்ப்பு அமையவில்லை. இந்தியாவில் ஆறடி இரண்டு என்றால் பிவட். அங்கே அந்த உயரத்துக்காரி வெளியே நின்று பந்து தட்டி, ஓடி, தூரத்திலிருந்து போட வேண்டியவள். இங்கே பல வருஷம் ஒரு வேலை செய்யவைத்துவிட்டு, அங்கே போய் வேறொரு வேலைக்கு விண்ணப்பம் போட்ட மாதிரி. 2014இல் அர்ஜுனா விருது கொடுத்தார்கள். அதற்குள் அவர் ஆட்டத்தின் நல்ல பகுதி முடிந்திருந்தது.

பஞ்சாபுக்கு உயரம், நமக்கு வேகம் என்பது தமிழ்நாட்டுக் கூடைப்பந்துக்காரர்கள் சொல்லும் பழைய பெருமை. 2022 ஏப்ரலில் சென்னையில் பஞ்சாபை வென்று தேசியப் பட்டம் எடுத்தபோது அது இன்னும் தடித்தது. முயின் பெக் ஹஃபீஸ் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமையை மறுக்க மனம் வராது. எனக்கும்தான். ஆனாலும் அதில் பாதி சாக்கு. இங்கே நெட்டையர்கள் பிறக்காமல் இல்லை. பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டைப் பக்கம் பொங்கல் கபடியில் கார்னரில் நிற்பவனையும் ஷிஃப்ட் முடித்து வாலிபாலில் நெட்டுக்கு மேல் கைநீட்டுபவனையும் பாருங்கள். கூடைப்பந்துக்குச் சிமெண்ட் தரை வேண்டும், மற்ற இரண்டுக்கும் மண்ணே போதும். ஆவடி போன்ற தொழிற்சாலைக் குடியிருப்புகளில் கோர்ட் உண்டு, வடக்கே வர வர அது அருகும். வேடிக்கை என்னவென்றால், வளையம் என்பது 16 முதல் 20 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக் கம்பியை 45 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வளைத்ததுதான். கும்மிடிப்பூண்டி உருட்டாலைகளில் அந்தக் கனத்துக் கம்பி லாரி லாரியாகப் போகிறது.

தரை கிடைத்த இடத்திலும் நடப்பது இதுதான். பி.டி. சாருக்கு இந்த வருஷ மண்டலப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். பதின்மூன்று வயதில் மற்றவர்களைவிட ஒரு சாண் உயர்ந்தவன் வளையத்துக்கு அடியில் கையைத் தூக்கி நின்றாலே ஜெயிக்கலாம். ஜெயித்தால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பிறகு ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., ரயில்வே என்று ஒரு வேலை. நம்மூரில் "புரொஃபஷனல்" என்பதற்கு நெடுங்காலம் இதுதான் அர்த்தம், அதை இழிவாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். பிரச்சினை, பயிர் முற்றுமுன் அறுப்பது. பதின்மூன்றில் நெட்டையாக இருப்பவன் இருபதில் நெட்டையாக இருப்பான் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

இதைச் சொந்தக் கணக்கிலிருந்தும் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நான் ஐந்தடி பதினோரங்குலம், ஆகவே பிவட். பந்து கைக்கு வந்தால் தரையில் தட்டக் கூடாது, தலைக்கு மேல் பிடித்துக் கார்டிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. கல்லூரிக்குப் போனபோதும் ஐந்தடி பதினோரங்குலம்தான். அங்கே ஆறடி மூன்று ஒருத்தன் இருந்தான். இடதுகையால் பந்து தட்டத் தெரியுமா என்று கோச் கேட்டார். மூன்று வருஷம் பெஞ்சில் தண்ணீர் பாட்டில் காத்தேன்.

ஆகவே டீக்கடைப் பையனிடம் நான் வாதாடியது நெட்டையனுக்காக மட்டும் அல்ல. செத்தது நெட்டையன் இல்லை தம்பி, அளவெடுத்து ஆளுக்கு வேலை கொடுக்கும் பழக்கம்தான் செத்தது, அதுவும் அங்கே செத்தது என்றேன். என்.பி.ஏ. 2012இலேயே ஆல்ஸ்டார் வாக்குச்சீட்டிலிருந்து "சென்டர்" என்ற கட்டத்தை எடுத்துவிட்டது. 2023–24 முதல் ஆண்டின் சிறந்த ஐவரையும் இடம் பார்க்காமல் தேர்ந்தெடுக்கிறார்கள். சர்வதேச ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டில் பெயர், எண், கேப்டன் குறி, முதல் ஐவர் குறி உண்டு. எவன் எங்கே நிற்பான் என்பதற்குக் கட்டமே இல்லை.

போன வாரம் இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டிக்கான பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள். உள்ளூரில் அடித்த படிவம். பன்னிரண்டு பெயர், பிறந்த தேதி, உயரம், கடைசியில் "ஆடும் இடம்" என்று ஒரு கட்டம். 176 சென்டிமீட்டர் என்று போட்டிருந்த பையனுக்கு நேரே, சிவப்பு மையில், பிவட். மற்ற பதினோரு பேருக்கும் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.