'பகோடே': ஒரு சொல்லும் கோணேசர் கோயில் வரலாறும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் ஐரோப்பிய ஆவணங்களைத் தவிர்த்தல் இயலாது. 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, சுவாமிமலையில் நின்ற கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினான். போர்த்துக்கேயர் தம் எழுத்துக்களில் இத்தகைய கோயில்களைச் சுட்ட வழங்கிய சொல் 'பகோடே' என்பது. இச்சொல்லை நம்மவர் ஆய்வுக்குச் சான்றாகக் கொள்ளும் முறையினையே இங்கு நோக்க விரும்புகின்றோம்.

இச்சொல்லின் பிறப்புப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. சிலையில்லம் எனப் பொருள்படும் 'புத்கதா' என்னும் பாரசீகச் சொல்லின் திரிபென்பர் ஒரு சாரார். 'பகவதி' என்பதன் பேச்சு வடிவிலிருந்து தோன்றியதென்பர் மற்றொரு சாரார். சிங்களத் 'தாகப'வே எழுத்து முன்பின்னாக மாறிப் 'பகோடா' ஆயிற்றென்பது மூன்றாவது கொள்கை. ஆயின், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துக்கேயர் இந்திய மேற்குக் கரையின் கோயில்களையும் தெய்வ உருவங்களையும் இச்சொல்லாற் சுட்டினர். எனவே மூன்றாவது கொள்கை வலுவிழக்கின்றது. பாரசீகத்தில் சிலையைக் குறிக்கும் 'புத்' என்பதும் புத்தர் பெயரின் வழிவந்ததே என்பர். பிறர் வழிபாட்டைப் புறத்தே நின்று நோக்குவோர் வேறுபாடுகளை அழித்து ஒரே பெயரிடுதல் ஐரோப்பியருக்கு முன்னரே நிகழ்ந்ததொன்று என்பது இதனாற் புலனாகும்.

போர்த்துக்கேயருக்குப் பின் இத்துறைமுகத்தை 1639இல் ஒல்லாந்தரும், 1782இல் பிரெஞ்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். நால்வர் மொழிகளிலும் இச்சொல் உண்டு, பொருளோ ஒன்றன்று. போர்த்துக்கேயத்தில் அது கோயிலையும் சிலையையும் குறித்ததோடு, களியாட்டம் என்னும் பொருளையும் ஏற்றது. பிரேசிலில் இன்று ஓர் இசைவகைக்கே பெயராக வழங்குகின்றது. பிரெஞ்சில் அது தலையசைக்கும் பீங்கான் பொம்மையாயிற்று. பின்னர் பெண்டிர் சட்டையின் அகன்ற கைக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தில் அது பொன் நாணயம். தமிழர் வராகன் என்றழைத்த அந்நாணயம், 1818 வரை சென்னை மாகாணத்தின் கணக்கு நாணயமாக விளங்கியது. 'பகோடா மரத்தை உலுக்குதல்' என்னும் ஆங்கில வழக்கு, கீழைநாட்டில் விரைந்து பொருள் குவிப்பதைக் குறித்தது. வழிபாட்டிடத்தையும் வாரிய செல்வத்தையும் ஒரே சொல் சுட்டியமை குடியேற்றவாதத்தின் இயல்பைக் காட்டுவதாக நாம் கருதுகின்றோம்.

இன்றைய ஆங்கிலத்தில் 'பகோடா' பெரும்பாலும் கீழைத்தேயப் பௌத்த அடுக்குக் கோபுரத்தையே நினைவூட்டுகின்றது. இப்பிற்காலப் பொருளைப் 17ஆம் நூற்றாண்டு ஆவணத்தின்மீது ஏற்றி, சுவாமிமலையில் நின்றது பௌத்த தூபியே என வாதிடுதல் பிழையாகும். அதேபோல், 'பகோடே' எனக் கண்டவிடமெல்லாம் சைவக் கோயில் எனப் பெயர்ப்பதும் பிழையே. களனி விகாரையையும் போர்த்துக்கேயர் 'பகோடே' என்றே எழுதினர். அவர்தம் பார்வையில் இரண்டும் கிறித்தவமல்லாதவை. அவர்க்கு வேண்டியிருந்த வேறுபாடு அவ்வளவே. யாருடைய தலம் என்னும் வினாவுக்கு இச்சொல் விடை கூறாது.

அவ்வினாவுக்குரிய சான்றுகள் வேறு. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடியுள்ளார். 1950இல் இக்கோயிலைச் சேர்ந்த செப்புத் திருமேனிகள் நிலத்திலிருந்து வெளிப்பட்டன. 1956இல் மலையடிக் கடலில் கோயிலின் இடிபாடுகள் கண்டறியப்பட்டன. மகாசேனன் கோகண்ணத்தில் விகாரை அமைத்ததாக மகாவம்சம் கூறுவதும் ஆராயப்பட வேண்டியதே. இவற்றை அவற்றின் காலமும் மொழியும் அறிந்து எடைபோடுதலே ஆய்வு நெறி.

ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லை ஆதாரமாகக் கொண்டு மக்களின் வழிபாட்டுரிமையை நிறுவவோ மறுக்கவோ முற்படுவது இம்மண்ணில் வெறும் ஏட்டுப் பிழையாக நின்றுவிடுவதில்லை. அது நிலத்தின் மீதான வழக்காக மாறுகின்றது. ஆதலின், ஆவணங்களைத் தமிழாக்குவோர் 'பகோடே' என்னும் மூலச்சொல்லை அவ்வாறே நிறுத்தி, இடமும் ஆண்டும் மொழியும் குறித்துப் பொருள் கூறுதல் வேண்டும். அம்மலைக்கு ஆங்கிலேயர் இட்ட 'சுவாமி றொக்' என்னும் பெயரில் வழிபட்டோரின் சொல் எஞ்சிநிற்கின்றது. வென்றவர் சொல்லைச் சான்றாக எடுக்குமுன், அதன் கீழ் வாழ்ந்தவர் சொல்லையும் நாம் கேட்டல் தகும்.