இலவசமும் கணக்கொப்புவித்தலும்

அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெறும் ஏழை, தமக்கு நேர்ந்த தீங்கைக் குறித்து யாரிடம் கணக்குக் கேட்பார்? இவ்வினாவுக்கு நம் உச்சநீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் இரு வேறு விடைகளைத் தந்தது. ஒன்று, இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி. பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில் 1995 நவம்பர் 13ஆம் நாள் அளித்த தீர்ப்பு. மற்றொன்று, பஸ்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி என்னும் விவசாயத் தொழிலாளர் அமைப்பின் வழக்கில் 1996 மே 6ஆம் நாள் அளித்த தீர்ப்பு. இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வோம்.

முதல் தீர்ப்பு மருத்துவத் தொழிலை 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. மருத்துவர்களைக் கண்காணிக்க மருத்துவக் கவுன்சிலே போதும் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. கட்டணம் செலுத்துவோரும் செலுத்தாதோரும் ஒருங்கே சிகிச்சை பெறும் மருத்துவமனையில், செலுத்தாத ஏழைக்கும் அதே உரிமையை வழங்கியது. இந்நன்மைகளை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் மருத்துவமனை, அரசினுடையதாயினும் தனியாருடையதாயினும், அச்சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறிற்று. குடிமக்கள் செலுத்தும் வரியும் கட்டணமாகாது எனக் கொண்டது. 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டமும் இலவசச் சேவையை விலக்கியே வைத்துள்ளது.

சட்டத்தின் சொற்களை நோக்கின் இம்முடிவு பிழையன்று. நாம் காணும் குறை அதன் அடியிலுள்ள எண்ணத்திலேயே உள்ளது. விலை கொடுத்தவனே கணக்குக் கேட்கலாம் என்பது சந்தையின் நியதி. அதனை நோயாளருக்குப் பொருத்துகையில், வேறிடம் செல்ல வழியற்றவரே கேட்கும் உரிமையை இழக்கிறார். வேதாகமத் தமிழில் கணக்கொப்புவிப்பவன் உக்கிராணக்காரன். அவன் எதையும் விற்பவன் அல்லன். பிறருடையது தன் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதாலேயே அவன் கணக்குக் கூறக் கடமைப்பட்டவன். நோயாளியின் உடலும் அவ்வாறு ஒப்படைக்கப்பட்டதன்றோ?

இரண்டாம் தீர்ப்பு இவ்வுண்மையை நெருங்கி வருகிறது. 1992 ஜூலை 8ஆம் நாள் மாலை, தொழிலாளர் ஒருவர் இரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமுற்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லை. கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாய் அவரைத் திருப்பியனுப்பின. இறுதியில் அவர் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, சுமார் 17,000 ரூபாய் செலவிட நேர்ந்தது. அவசர சிகிச்சையை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், நிதியின்மை சாக்காகாது என்றும் நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. இங்கே உரிமைக்கு அடிப்படை உயிரே, விலை அன்று.

எனினும் அவருக்குத் துணையாக ஓர் அமைப்பு இருந்தது. துணையற்றவர் என் செய்வார்? உரிமையியல் நீதிமன்றம் அவருக்கும் திறந்திருக்கிறது என்பர். 1963இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஒரு தாய், வயிற்றினுள் துண்டு விடப்பட்டமையால் இறந்தார். அரசே பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் முடிவாகக் கூறியது 1996இல். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் பதிலைப் பதில் என்று நாம் எங்ஙனம் கூறுவோம்?

கூட்டம் மிகுதி, ஆட்கள் குறைவு, மருத்துவர் அஞ்சி அஞ்சிப் பணிபுரிய நேரிடும் என்னும் மறுப்புகள் உண்டு. அவை பொய்யல்ல. ஆனால் கணக்கொப்புவித்தல் தண்டனை அன்று. முறையீட்டைப் பெற்றுக்கொள்ள ஒருவர், குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் விடை, தவறாயின் அதை ஒப்புக்கொள்ளும் நேர்மை ஆகியவையே நாம் வேண்டுவன. இவற்றுக்கு நீதிமன்றம் தேவையில்லை. படுக்கை இல்லையென்று சொல்ல நேர்ந்தாலும், எங்கே உண்டு என்று விசாரித்துச் சொல்லலாம் அல்லவா?

இத்திறனாய்வு நம்மையும் தொடுகிறது. இலவசமாகச் செய்கிறோம் என்பதாலேயே கேள்விக்கு அப்பாற்பட்டவர்கள் என்ற எண்ணம் மிஷன் மருத்துவமனைகளிலும் புகக்கூடும். வார்டுகளைச் சந்திக்கும் ஆயர்களாகிய நாமோ, நோயாளரிடம் பொறுமையாயிருக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அவர் முறையிட விரும்பினால், அதை எழுதிக்கொடுத்து, விடை வரும்வரை உடன் நிற்பதும் நம் ஊழியமே.