ஓடவும் உடன் ஆடவும்: தொடக்கப்பள்ளி உடற்கல்வியில் கூட்டுறவு விளையாட்டு முறை

தொடக்கப்பள்ளி உடற்கல்விக்கு இரு கடமைகள் உண்டு. ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல் முதலிய இயக்கத் திறன்களைக் குழந்தைக்கு முறையாகக் கற்பிப்பது ஒன்று. பிறரோடு கூடி ஆடவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும், உடன் ஆடுபவரின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு உதவவும் பழக்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே பாடவேளையில் நிறைவேற்ற முற்படும் முறைகளுள் நன்கு அறியப்பட்டது கூட்டுறவு விளையாட்டு முறை. ஆடுவோரை வென்றவர், தோற்றவர் எனப் பிரிக்காமல், எல்லாரும் சேர்ந்து ஒரு பொது இலக்கை எட்டும்போதே ஆட்டம் நிறைவுறும்படி அமைந்தவை கூட்டுறவு விளையாட்டுகள் எனப்படுகின்றன. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் டெர்ரி ஆர்லிக் 1978-இல் வெளியிட்ட நூல் இவ்வகை ஆட்டங்கள் பள்ளிகளில் பரவப் பெரிதும் துணைபுரிந்தது. இம்முறையின் நோக்கம் உயர்ந்தது, அதன் பயன்களும் மெய்யானவை. எனினும், ஆட்டத்தைக் கூட்டுறவாக அமைத்துவிட்டாலே குழந்தைகள் ஒத்துழைக்கக் கற்றுவிடுவர் என்று நம்பி, இயக்கத் திறன் கற்பித்தலைப் பின்னுக்குத் தள்ளுவது இம்முறையின் பெருங்குறையாகும். பந்தைப் பிடிக்கத் தெரியாத குழந்தைக்கு எவரும் பந்து தருவதில்லை என்பதால், இயக்கத் திறன் வளராத இடத்தில் ஒத்துழைப்பும் வளர்வதில்லை.

இயக்கக் கல்வியின் பின்புலம்

கட்டளைக்கு ஏற்ப வரிசையில் நின்று அனைவரும் ஒருசேரக் கைகால்களை அசைக்கும் 'டிரில்' என்னும் பயிற்சியே பள்ளி உடற்கல்வியின் பழைய வடிவம். அதில் ஒழுங்கு இருந்ததே தவிர, குழந்தை தானே எண்ணித் தேர்ந்து இயங்குவதற்கு இடமில்லை. இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர், 1938-இல் இங்கிலாந்தில் குடியேறிய நடன அறிஞர் ருடால்ஃப் லாபன். உடலின் எப்பகுதி இயங்குகிறது, எவ்வளவு விசையோடு இயங்குகிறது, எவ்வெளியில் இயங்குகிறது, எவரோடு அல்லது எப்பொருளோடு தொடர்புகொண்டு இயங்குகிறது என்னும் கேள்விகளைக் கொண்டு எந்த இயக்கத்தையும் பகுத்துக் காணலாம் என்ற சிந்தனை அவர் வழியில் வளர்ந்தது. இக்கேள்விகளுள் இறுதியானது, பிறரோடு கொள்ளும் தொடர்பையும் இயக்கத்தின் ஒரு கூறாகவே கொண்டதால், கூடி இயங்குதலைத் தனியொரு நீதிப்பாடமாகக் கருதாமல் உடற்கல்வியின் உள்ளடக்கமாகக் கொள்ளும் வழி பிறந்தது.

பின்னர் வந்த அமெரிக்க அறிஞர் டேவிட் கல்லஹியூ போன்றோர் அடிப்படை இயக்கத் திறன்களை மூவகையாகத் தொகுத்தனர். ஓடுதல், தாண்டுதல், நொண்டியடித்தல் போல உடலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்பவை இடம்பெயர் இயக்கங்கள். ஒற்றைக்காலில் நிற்றல், வளைதல், திரும்புதல் போல உடலின் சமநிலையைக் காப்பவை சமநிலை இயக்கங்கள். எறிதல், பிடித்தல், உதைத்தல் போன்றவை பொருளைக் கையாளும் இயக்கங்கள். வயது ஏற ஏற இவை தாமாகவே முதிர்ந்துவிடும் என்ற பொதுநம்பிக்கை தவறானது. சரியான வழிகாட்டலும் போதிய பயிற்சியும் கிடைக்காத குழந்தை வளர்ந்த பின்னும் முழங்கையை மட்டும் மடக்கிப் பந்தைத் தள்ளும் நிலையிலேயே நின்றுவிடக்கூடும். இதனையே வெர்ன் சீஃபெல்ட் 1980-இல் 'திறன் தடை' என்ற கருத்தாக முன்வைத்தார். அடிப்படைத் திறன் ஓரளவை எட்டாத குழந்தைக்கு, அத்திறனை அடித்தளமாகக் கொண்ட விளையாட்டுகளுக்குள் நுழைவது அரிதாகிறது என்பதே அதன் சாரம்.

முறையின் வலிமைகள்

கூட்டுறவு விளையாட்டு முறையின் முதல் வலிமை, எல்லாக் குழந்தைகளுக்கும் இயங்கும் நேரத்தை அளிப்பதாகும். முப்பது குழந்தைகளைப் பதினைந்து பேராக இரு வரிசைகளில் நிறுத்தி நடத்தும் தொடர் ஓட்டத்தில் ஒருவர் ஓடி மீள 15 விநாடிகள் ஆகும் எனக் கொண்டால், ஒரு குழந்தை ஓடும் ஒவ்வொரு 15 விநாடிக்கும் 210 விநாடிகள் நின்று காத்திருக்க வேண்டும். அதாவது, 40 நிமிடப் பாடவேளை முழுவதும் ஆட்டம் நடந்தாலும் அக்குழந்தை ஓடியது மூன்று நிமிடம்கூட இராது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் நிலையில், பள்ளியே குழந்தையை வரிசையில் நிறுத்தி வைப்பது பெரும் இழப்பு. இருவர் இருவராகவோ நால்வர் நால்வராகவோ ஒரே நேரத்தில் ஆடும் கூட்டுறவு அமைப்பில் இந்த இழப்பு பெருமளவு குறைகிறது.

இரண்டாவது வலிமை, ஆட்டத்திலிருந்து வெளியேற்றாமை. இசை நாற்காலியில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் விரைவும் சுறுசுறுப்பும் குறைந்த குழந்தையே. பயிற்சி மிகுதியாகத் தேவைப்படும் அக்குழந்தை மிகக் குறைந்த பயிற்சியோடு ஓரமாக உட்கார வைக்கப்படுகிறது. நாற்காலிகளை மட்டும் ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சிய இடத்தில் அனைவரும் ஒருவரையொருவர் தாங்கி அமர வேண்டும் என விதியை மாற்றினால், அதே ஆட்டம் சமநிலைப் பயிற்சியாகவும் பிறருக்கு இடம் தரும் பயிற்சியாகவும் ஆகிவிடுகிறது.

மூன்றாவது வலிமை சமூகம் சார்ந்தது. வெவ்வேறு குழுவினர் ஓரிடத்தில் கூடுவதால் மட்டும் மனத்தடைகள் நீங்குவதில்லை; சம நிலை, பொது இலக்கு, கூட்டு முயற்சி, அதிகாரம் உடையோரின் ஆதரவு ஆகியவை உடனிருந்தால்தான் நீங்கும் என 1954-இலேயே கோர்டன் ஆல்போர்ட் விளக்கினார். இந்தியச் சூழலில் இதற்கு வலுவான சான்று உண்டு. உத்தரப் பிரதேசக் கிராமப்புற இளைஞர்களிடையே கிரிக்கெட் தொடர்களை நடத்திப் பொருளியலாளர் மேட் லோ மேற்கொண்டு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பிற சாதியினரோடு ஒரே அணியில் ஆடியது சாதி கடந்த நட்பை வளர்த்தது. அவர்களுக்கு எதிரணியில் நின்று ஆடியதோ அதற்கு மாறான விளைவையே பொதுவாகத் தந்தது. அந்த ஆய்வு இளைஞர்களைப் பற்றியதாதலால் அதன் முடிவுகளைத் தொடக்கப்பள்ளிக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் யார் யாரோடு சேர்ந்து ஆடுகிறார்கள் என்பது சிறு செய்தியன்று என்பதை அது தெளிவாக்குகிறது. தெருவாரியாகவும் ஆண், பெண் எனப் பிரிந்தும் குழந்தைகள் தாமே கூடிக்கொள்ளும் வகுப்பில், குழுக்களைக் கலந்து அமைக்கும் பொறுப்பு ஆசிரியருடையது.

முறையின் குறைகள்

இவ்வளவு வலிமைகள் இருந்தும் நடைமுறையில் இம்முறை பலவிடங்களில் தளர்ந்துபோவதற்கு முதற்காரணம், பொது இலக்கை அமைப்பதோடு ஆசிரியர் நின்றுவிடுவதாகும். கூட்டுக் கற்றலை விரிவாக ஆராய்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் ஆகிய சகோதரர்கள், ஒருவர் வெற்றி மற்றவரைச் சார்ந்திருத்தலோடு ஒவ்வொருவரின் தனிப்பொறுப்பும் புலப்பட வேண்டும் என வலியுறுத்தினர். தனிப்பொறுப்பு மறையும்போது நேர்வதைக் கயிறு இழுக்கும் போட்டி நன்கு காட்டுகிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் 1913-இல் வெளியிட்ட ஆய்வில், இழுப்போர் எண்ணிக்கை கூடக்கூட ஆளுக்கு ஆள் செலுத்தும் விசை குறைந்தது. இழுப்பு ஒருங்கிணையாமை ஒரு காரணம். தான் தளர்ந்தாலும் தெரியாது என்ற எண்ணம் மற்றொரு காரணம் எனப் பிற்காலத்தார் பகுத்துக் கண்டனர். பத்துப் பேர் சேலையொன்றின் விளிம்பைப் பிடித்துப் பந்தை மேலே எழுப்பும் ஆட்டத்திலும் இதே நிலைதான். நான்கைந்து பேர் உழைக்க, மற்றவர் துணியைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நிற்பர். பார்வைக்கு அனைவரும் பங்கேற்பதாகத் தோன்றும். பந்து எழுந்ததும் அனைவரும் மகிழ்வர். ஆனால் பாதிப் பேர் எதையும் கற்றிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது குறை, இயக்கத்தின் வறுமை. கைகோத்து வட்டமாக நிற்பது, மெல்ல நகர்வது, பொருளைக் கைமாற்றுவது என்பனவே பல கூட்டுறவு ஆட்டங்களின் உள்ளடக்கம். இவை நட்பை வளர்க்கலாம். எறிதலையோ பிடித்தலையோ முதிர்ச்சியடையச் செய்வதில்லை. எறிதலைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் இது விளங்கும். தொடக்க நிலையிலுள்ள குழந்தை இலக்கை நேராகப் பார்த்து, இரு கால்களையும் ஊன்றியபடியே முழங்கையை நீட்டிப் பந்தைத் தள்ளுகிறது. அடுத்த நிலையில், வலக்கையால் எறியும்போது வலக்காலையே முன்வைக்கிறது. முதிர்ந்த நிலையில் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, எதிர்க்காலை முன்வைத்து, இடுப்பும் தோளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழல எறிகிறது. இந்நிலைகளைக் கடக்க ஒவ்வொரு குழந்தைக்கும் பலமுறை எறியும் வாய்ப்பும், அதன் காலடியைக் கவனித்துச் சொல்ல ஒருவரும் தேவை. மகிழ்ச்சியான ஆட்டம் மட்டும் இத்தேவையை நிறைவு செய்யாது.

மூன்றாவது குறை, போட்டியும் கூட்டுறவும் ஒன்றுக்கொன்று பகை என்னும் எண்ணம். இதற்கு மறுப்பாக நம் மண்ணின் கோ-கோ ஆட்டத்தையே காட்டலாம். அதில் துரத்தும் அணியின் எட்டுப் பேர் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசைகளை நோக்கி வரிசையில் குந்தியிருக்க, ஒன்பதாமவர் துரத்துகிறார். அவர் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் செல்லலாகாது. தொடங்கிய திசையை நினைத்தபடி மாற்றவும் முடியாது. ஓடுபவர் மறுபக்கம் நழுவும்போது, அப்பக்கம் நோக்கி அமர்ந்துள்ள தோழரின் முதுகுப்புறம் சென்று 'கோ' கொடுத்துத் துரத்தும் பொறுப்பை ஒப்படைப்பதே உடனடி வழி. தானே பிடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் காட்டும் ஆட்டக்காரர் அணியைத் தோற்கடிக்கிறார். எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அறிந்தவர் வெல்லச் செய்கிறார். குந்திய நிலையிலிருந்து விசையோடு எழுதல், விரைந்து ஓடுதல், உடலை வளைத்து நழுவுதல் என இயக்கத் திறன்களும் இதில் நிரம்ப உண்டு. கபடியிலும் ஆட்டமிழந்தவர், தம் அணியினர் எதிரணியாளரை வீழ்த்தும்போது மீண்டும் களத்துக்கு வருகிறார். எனவே போட்டியை முற்றாக ஒதுக்குவோர், கூட்டுறவைக் கற்பிக்கும் வலிய கருவி ஒன்றையும் உடன் இழக்கின்றனர். முழு விதிகளோடு இவ்வாட்டங்களைச் சிறு வகுப்புகளுக்குப் புகுத்துவதும் பொருந்தாது என்பதால், ஆடுவோரைக் குறைத்து, களத்தைச் சுருக்கி, பிடிபட்டவரைப் பிடிப்பவராக்கி ஆட வைப்பதே தக்கது.

நான்காவது குறை முறையினுடையதன்று. அது செயற்படும் சூழலினுடையது. கூட்டுறவு விளையாட்டு, பயிற்சி பெற்ற ஆசிரியரை வேண்டி நிற்கும் முறை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டுத் திடலும் வகுப்புகளுக்குத் தேவைக்கேற்ற விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரையோ, நூறு குழந்தைகளுக்கு மேல் பயிலும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான நிலைக்கே அது குறிப்பிடுகிறது. அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே விதிக்கப்பட்ட அளவு. ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் ஈராசிரியர் பள்ளியில், விளையாட்டுப் பாடவேளை என்பது பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பிவிட்டு ஆசிரியர் பதிவேடுகளை முடிக்கும் நேரமாகிவிடுவதில் வியப்பில்லை. அடிப்படை இயக்கத் திறன்கள் உருவாகும் முதன்மையான ஆண்டுகளில் உடற்கல்விக்கு ஆளில்லாமலும், அவை உருவாகியோ உருவாகாமலோ முடிந்த பின்னர் ஆள் அமர்த்தியும் இயங்கும் அமைப்பு, காரணத்தை விட்டுவிட்டு விளைவைத் திருத்த முயல்கிறது.

திருத்திய நடைமுறை

இக்குறைகள் முறையைக் கைவிடுவதற்கான காரணங்களாகமாட்டா. அதைச் செம்மைப்படுத்தும் வழிகளையே அவை சுட்டுகின்றன. மூன்றாம் வகுப்பில் பிடித்தலைக் கற்பிக்கும் பாடவேளையொன்றை எடுத்துக்கொள்ளலாம். முதற்பகுதியில் பந்தைக் கண்ணால் தொடர்தல், கைகளை முன்னே நீட்டி வரவேற்றல், பந்து கைபட்டதும் முழங்கையை மடக்கி விசையைத் தணித்தல் என்னும் மூன்று குறிப்புகளை ஆசிரியர் செய்துகாட்டிப் பழக்குகிறார். துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தே இதற்குப் போதும். முகத்தில் பட்டாலும் வலிக்காது என்பதால், பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கமும் எளிதில் நீங்கும். அடுத்து, இருவர் இருவராகத் தொடர்ந்து பிடித்த எண்ணிக்கையை இருவருக்கும் பொதுவான கணக்காக எண்ணச் செய்கிறார். இங்கே எறிபவர் தம் வலிமையைக் காட்டினால் கணக்கு உயராது; பிடிப்பவருக்கு ஏற்ற தொலைவையும் வேகத்தையும் அவரே தேர்ந்தாக வேண்டும். இருவர் மட்டுமே இருப்பதால் தனிப்பொறுப்பு மறைய இடமில்லை. இறுதியில் சில நிமிடங்கள், எந்த வகை எறிதல் தோழருக்கு உதவியது, எது உதவவில்லை என்பதைக் குழந்தைகளே சொல்ல வேண்டும். கூட்டாளியிடம் குறை சொல்லாமல் தேவையைச் சொல்லும் மொழியை அவர்கள் கற்கும் இடம் இதுவே. கால் இயக்கக் குறைபாடுள்ள குழந்தை அமர்ந்து ஆடுவதற்கும், பார்வைக் குறைபாடுள்ள குழந்தை மணி கட்டிய பந்தால் ஆடுவதற்கும் இதே அமைப்பு இடம் தருகிறது.

மதிப்பீடும் இதற்கு இசைய மாற வேண்டும். யார் முதலில் வந்தார் என்ற பதிவுக்கு மாறாக, எதிர்க்காலை முன்வைத்து எறிகிறதா, பந்தை மார்போடு அணைக்காமல் கைகளால் பிடிக்கிறதா, பல தோழர்களோடும் சேர்ந்து ஆடுகிறதா என ஒவ்வொரு குழந்தைக்கும் சில வரிகள் குறித்தால், பருவந்தோறும் வளர்ச்சியைக் காணமுடியும். வகுப்பாசிரியரே செய்யக்கூடிய பணி இது. அதற்கு அவருக்குத் தேவை இயக்கங்களை உற்றுநோக்கும் பயிற்சியும் அதற்கென ஒதுக்கிய நேரமுமே.

ஆகவே கூட்டுறவு விளையாட்டு முறை, இயக்கக் கல்வியோடு இணையும்போதே முழுப்பயன் தருகிறது எனலாம். இயக்கத் திறன் கற்பிக்கப்படும்போது குழந்தை தோழர்களுக்குப் பயன்படுபவராகிறது. கூடி ஆடும்போது அத்திறனைப் பழகுவதற்கான வாய்ப்பும் விருப்பமும் பெருகுகின்றன. தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சியில் அடிப்படை இயக்கத் திறன்களைக் கற்பிக்கும் முறை செய்முறைப் பாடமாக இடம்பெறுவதும், அருகருகே உள்ள தொடக்கப்பள்ளிகளுக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியரேனும் முறைவைத்துச் செல்வதும், விளையாட்டுப் பாடவேளை வேறு பாடங்களுக்குப் பறிபோகாமல் காக்கப்படுவதும் இதற்கு உடனடித் தேவைகள். எழுத்தையும் எண்ணையும் முதல் வகுப்பிலிருந்தே கற்பிக்க வேண்டும் என்பதில் ஐயம் கொள்ளாத சமூகம், உடலை ஆளவும் பிறரோடு இணங்கி இயங்கவும் கற்பிப்பதை ஆறாம் வகுப்புக்குத் தள்ளிவைப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.