‘துரதிர்ஷ்டவசமாக’ என்னும் சொல்

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக ஒரு வீட்டின்மேல் இறங்கியது. உள்ளே இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். இதை எழுத உட்காரும் பலருக்கும் முதலில் கைக்கு வரும் சொல் ‘துரதிர்ஷ்டவசமாக’. ‘அன்ஃபார்ச்சுனேட்லி’க்கு நாம் ஆக்கிக்கொண்ட தமிழ். அது இந்த இடத்துக்குத் தகுமா?

அதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒப்பாரி வைக்காமல் வருத்தத்தை உணர்த்த உரைநடைக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. ‘அந்தோ’ மேடைப் பேச்சோடு நின்றுவிட்டது. ‘சேட்லி’யை ‘சோகமாக’ என்று பெயர்த்தால் பொருளே புரண்டுவிடும். ‘சோகமாக அவர் ஊரைவிட்டுப் போனார்’ என்றால் சோகம் போனவருடையது, சொல்பவருடையது அன்று. ‘ஆக’ ஏற்ற உணர்ச்சிச் சொல் தமிழில் வினையோடு போய் ஒட்டிக்கொள்ளும். ‘துரதிர்ஷ்டவசமாக’ மட்டும் வாக்கியத்தின் தலைவாசலில் தனித்து நிற்கிறது. காரணம், அது உணர்ச்சியைச் சொல்வதில்லை. நடந்ததற்குக் காரணம் சொல்கிறது.

சிக்கலும் அங்கேதான். அதிர்ஷ்டம் என்ற வடசொல்லுக்குக் ‘காணப்படாதது’ என்று பொருள். ஆங்கிலச் சொல்லில் விதியின் வாடை தேய்ந்துவிட்டது. தமிழில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. வ.உ.சி. நகரில் காணப்படாதது எது? மழை எல்லார் கண்முன்னும் பெய்தது. சரிவும் தெரிந்தது, அதன் அடியில் வீடுகள் இருந்ததும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தவற்றை எல்லாம் தெரியாததின் கணக்கில் எழுதிவைக்கிறது அந்த ஒரு சொல்.

கிரிவலப் பாதையில் பூக்கட்டும் பாட்டி ஒருவரிடம் அந்த மழையைப் பற்றிக் கேட்டேன். நார் முடிந்த விரல் நின்றது. “அஞ்சு புள்ளைங்களும் போயிடுச்சிங்களே, சாமி” என்றார். வருத்தத்துக்கென்று தனிச்சொல் எதையும் அவர் தேடவில்லை. ‘போய்விடு’ என்ற வினை இழப்பைச் சொன்னது, கடைசி ‘ஏ’ அவர் நெஞ்சைச் சொன்னது. பழியை விதியின்மேலும் போடவில்லை.

இது படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்க முடியாது. ‘மன்’ என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் மூன்று பொருள்களில் ஒன்று கழிவு: இருந்தது போயிற்றே என்னும் இரக்கம். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையில் (புறநானூறு 235) அந்தச் சிறு அசை திரும்பத் திரும்ப வந்து முழுத் துயரையும் தாங்குகிறது. ‘போயிற்றே’, ‘இழந்துவிட்டோம்’ என்று நாம் இன்று சொல்வதும் அதே வழக்கம்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. குலுக்கலில் பெயர் விழாதவருக்கு ‘துரதிர்ஷ்டவசமாக’ பொருந்தும்; அங்கே அது உண்மை. தவறு நம்முடையது என்றால் ‘வருந்துகிறோம்’ என்று எழுதுவோம்; வருந்துவது யார் என்பது அந்த வினையிலேயே இருக்கிறது. காரணம் தெரிந்த சாவுக்கு ‘துரதிர்ஷ்டவசமாக’ வேண்டவே வேண்டாம். அங்கே காரணத்தை எழுதுங்கள்; துக்கத்தை வினைமுற்று சுமக்கும்.