கன்னத்தில் ஏறும் கல்

செஞ்சிப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். தேசூர் அருகே சீயமங்கலத்தில், 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த அவனிபாஜன பல்லவேசுவரம் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் ஓவியம்போல முகம் தீட்டுகிறவர்களுக்கு அந்தப் பாறை ஒரு புதையல்.

சாய்வெயிலில் எடுத்தால் கல்லின் ஒவ்வொரு மேடுபள்ளமும் படத்தில் விழும். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி (இல்லாவிட்டால் தோலில் பாசி பிடித்துவிடும்) உருவப்படத்தின் மேல் ஓர் அடுக்காகப் போட வேண்டும். ‘சாஃப்ட் லைட்’ முறைக்கு மாற்றி, அடர்த்தியை 30 சதவீதம் அளவுக்குக் குறைத்தால், வழவழப்பான கன்னத்தில் பழைய சுவரின் சொரசொரப்பு ஏறும். கண்ணிலும் உதட்டிலும் மட்டும் மாஸ்க் போட்டு விலக்கிவிட வேண்டும். கண்ணுக்குள் கல் தெரிந்தால் படம் செத்தது.

பிறகு மிக்ஸர் பிரஷ். முடியை அதன் போக்கில், கன்னத்தை அதன் வளைவில் இழுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. ஒரே சொடுக்கில் எண்ணெய் ஓவியமாக்கும் ஃபில்டரும் உண்டுதான். ஆனால் மூக்கையும் முந்தானையையும் அது ஒன்றுபோலக் குழைத்துவிடும்.

புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம் 2020 நாட்காட்டிக்காக ரவிவர்மாவின் ஓவியங்களை நடிகைகளை வைத்துப் படமாக்கினார். அங்கே ஓவியத்தின் சாயல் உடையிலும் நகையிலும் ஒளியிலுமே தொடங்கிவிட்டது. எடுக்கும்போதே ஒளி சரியில்லை என்றால் எந்தப் பிரஷும் காப்பாற்றாது.

சீயமங்கலத்தைக் குடைந்த மகேந்திரவர்மனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்றும் ஒரு பட்டம் இருந்தது.