நடுநிசி அழைப்பும் நான்காண்டுக் காத்திருப்பும்

மருத்துவம் பயின்றவர்கள் மர்மக்கதை எழுதுவது மேலைநாட்டில் ஒரு தனி மரபாகவே வளர்ந்திருக்கிறது. கண் மருத்துவரான ராபின் குக் 1977இல் 'கோமா' நாவலை எழுதி, நோய் தீர்க்கும் இடத்தையே அச்சத்தின் களமாக்கிக் காட்டினார். அவ்வழியில் பின்னர் புகழ் பெற்றவர் டெஸ் கெரிட்ஸன் என்னும் பெண் மருத்துவர். உறுப்பு வாணிபத்தைக் கருவாகக் கொண்ட 'ஹார்வெஸ்ட்' (1996) அவருக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது, அதற்கு முன்பே 1987இல் அவருடைய முதல் நாவலாக வெளிவந்த 'கால் ஆஃப்டர் மிட்நைட்'. கல்லூரிக்குச் செல்லும் நம் பெண்மக்கள் இத்தகைய நூல்களை ஆவலோடு படிக்கிறார்கள். படிக்கட்டும், தடை சொல்வதற்கில்லை. ஆனால் இந்நூல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் நழுவுகிறது என்பதை அவர்களோடு சேர்ந்து நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதைத் தலைவி சாரா, நுண்ணுயிர் ஆய்வாளர். மணமாகி இரண்டே மாதங்கள். நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை அலுவலர் நிக் ஓஹாரா பேசுகிறார்: உங்கள் கணவர் ஜெஃப்ரி, பெர்லினில் ஒரு ஹோட்டல் தீவிபத்தில் இறந்துவிட்டார். கணவர் லண்டனில் இருப்பதாக அல்லவா அவள் நினைத்திருந்தாள்! அவள் அந்த மரணத்தை நம்ப மறுத்து, அவரைத் தேடி ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறாள். தன்னோடு வாழ்ந்தவருடைய பெயரும் வாழ்வும் வேறு என்பது படிப்படியாக வெளிப்படுகிறது.

நூலின் சிறந்த பகுதி தொடக்கந்தான். சோதனைக்கூடத்தில் சான்றின்றி எதையும் ஏற்காத ஒருத்தி, தன் வாழ்வின் மிகப் பெரிய செய்தியையும் அவ்வாறே ஏற்க மறுப்பது மிகப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. பிறகு உளவாளிகளும் துரத்தல்களும் வந்து சேர்கின்றன. அவை விறுவிறுப்பானவை, படித்து முடித்த மறுநாளே மறந்துபோகக் கூடியவையுங்கூட.

இந்நூலை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வீடொன்றில் ஒரு பெண் படிப்பதாக வைத்துக்கொள்வோம். இது வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீரைவிட மணலைக் கண்ட நாட்களே அதிகம். மழை பொய்த்தால் தறியும் கரிமூட்டமும் கைகொடுக்கும். அவையும் போதாதபோது ஆண்கள் கடல் கடப்பார்கள். அந்நாளில் பர்மாவும் மலாயாவும். 1970களுக்குப் பின் வளைகுடா. சென்றவரிடமிருந்து கடிதம் நின்றுபோனால், பணம் வருவது நின்றுபோனால், இங்குள்ளவள் விமானம் ஏறித் தேடிப் போவதில்லை. அவள் போவது அனுப்பிவைத்த ஏஜெண்டின் வாசலுக்கு, பிறகு ஜமாஅத்துக்கு, பிறகு மனுவோடு கலெக்டர் அலுவலகத்துக்கு. சாராவுக்கு நடுநிசியில் ஓர் அழைப்பாவது வந்தது. இவளுக்கு வராமற்போன அழைப்புத்தான் செய்தி.

நம்முடைய பெரிய மனக்குறை வேறொன்று. தேடிச் செல்லும் வழியிலேயே சாராவுக்கும் ஓஹாராவுக்கும் இடையே காதல் அரும்புகிறது. கணவர் உயிரோடிருக்கலாம் என்ற நம்பிக்கையே அவளைச் செலுத்தும் விசை. அவர் உயிரோடிருந்தால் இவள் யார்? மனைவியா, விதவையா? ஒரு மணத்தின் பிணைப்பு எப்போது அறுகிறது? காதற்கதையின் அவசரத்தில் இந்த வினா உரிய கனத்தைப் பெறவேயில்லை. ஒழுக்கம் பேசுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. கதையின் உயிர்நாடியே அங்கேதான் இருந்தது. ஆசிரியர் அதைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிட்டார்.

நம் இமாம்கள் அப்படிக் கடந்துவிடவில்லை. காணாமற்போனவனை 'மஃகூத்' எனப் பெயரிட்டு, அவன் மனைவியின் நிலையைப் பற்றித் தனியே ஆராய்ந்தார்கள். அவள் நான்காண்டு காத்திருந்து, அதன்பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து, பிறகு விடுபடலாம் என்ற ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை இமாம் மாலிக் (ரஹ்) தம் 'முவத்தா'வில் பதிந்திருக்கிறார்கள். நம் உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் பெரும்பாலும் வழங்கும் ஹனஃபி மத்ஹபிலோ, அவனுடைய சமவயதினர் மறையும் காலம்வரை காத்திருக்க வேண்டும் என்பது பழைய நிலை. அதனால் பெண்கள் பட்ட துயரைக் கண்டே, ஹனஃபி உலமாவான மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி போன்றோர் 1930களில் மாலிக்கி வழியை ஏற்கலாம் என எழுதினார்கள். அதன் பயனாய் வந்தது 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். நான்காண்டு கணவனைப் பற்றிய தகவலில்லையெனில் மனைவி நீதிமன்றத்தில் முறிவு கோரலாம். இரண்டாண்டு ஜீவனாம்சம் தராமலிருப்பதும் தனியே ஒரு காரணம். மஹர் உரிமை இதனால் போய்விடுவதில்லை. (ஏழாண்டு என்று பலர் சொல்வது, ஒருவர் இறந்ததாகக் கொள்ளும் சாட்சியச் சட்ட விதி, அது வேறு.)

இச்சட்டத்தின் இரு விதிகளைப் படித்தபோது, எந்த மர்மக்கதையிலும் காணாத திகைப்பு நமக்கு ஏற்பட்டது. காணாமற்போனவனின் வாரிசுகளுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவனுக்குத் தந்தைவழிச் சிறிய தந்தையோ பெரிய தந்தையோ சகோதரனோ இருந்தால், வாரிசு அல்லாவிடினும் அவர்களை வழக்கில் சேர்க்க வேண்டும். மாமனார் வீட்டில் அவர்கள் சோற்றையே உண்டு காத்திருப்பவள், அவர்களையே கோர்ட்டுக்கு அழைக்க வேண்டும்! இரண்டாவது விதி: தீர்ப்பு வந்தபின்னும் ஆறு மாதம் அது செயற்படாது. அதற்குள் கணவன் நேரிலோ, அதிகாரம் பெற்ற ஏஜெண்ட் மூலமோ தோன்றி, இல்லற கடமைகளை ஆற்றத் தயார் என நீதிமன்றத்தை நம்பச் செய்தால், தீர்ப்பு ரத்தாகும்.

அந்த ஆறு மாதத்தை எண்ணிப் பாருங்கள். வாசலில் காலடியோசை கேட்கும்போதெல்லாம் அவள் உள்ளம் எதை விரும்பும்? அவன் வந்துவிட வேண்டுமென்றா, வராதிருக்க வேண்டுமென்றா? இரண்டையும் ஒரே நேரத்தில் விரும்பும் ஒருத்தியை, உளவாளியும் துப்பாக்கியும் இல்லாமல், திருச்சுழியின் ஒரு கூடத்தில் அமர்த்தி எழுதத் துணிபவர் நம்மிடையே இருந்தால், அந்நூலின் முதற்படியை வாங்க நாம் காத்திருக்கிறோம்.